எதிராளி விட்டுட்டுப் போன உம்

நம்புறவுக நம்புங்க, நம்பாதவுக ஒரு தும்மலப் போட்டுட்டு அடுத்த சோலியப் பாருங்க. எங்க வத்தல் குடோன்ல தும்மலுக்குப் பஞ்சமே கிடையாது. குவிச்சுப் போட்ட மிளகா வத்தலுக்கு ரெண்டு பக்கமும் சாக்க விரிச்சு, பொம்பளைக ரெண்டு வரிசையா எதிரும் புதிருமா உட்கார்ந்து, விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் காம்பு கிள்ளுவோம், கிள்ளிக்கிட்டே பேசுவோம், பேசிக்கிட்டே கிள்ளுவோம், ஏன்னா வாய மூடிக்கிட்டு இருந்தா வத்தல் நெடி நேரா தொண்டைக்குள்ள போய்க் குடியிருந்துரும், அப்புறம் இருமி இருமியே ஆளு உருக்குலைஞ்சு போவா. அதனால புதுசா ஒருத்தி வேலைக்கு வந்தா, கணக்குப்பிள்ளை சங்கரபாண்டி அவ பேரக் கேக்குறதுக்கு முன்னால, "உனக்கு எதிராளி யாரு?"ன்னுதான் கேப்பாரு.

எதிராளின்னதும் நீங்க என்ன நினைப்பீகன்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுல எதிராளின்னா வழக்காடுறவன், தாயக்கட்டத்துல எதிராளின்னா நம்ம காய வெட்டுறவ, தெருச்சண்டையில எதிராளின்னா மண்ண வாரித் தூத்துறவ. எங்க குடோன்ல எதிராளின்னா எதுத்தாப்ல உட்கார்ந்து கூடப் பேசுறவ, அம்புட்டுத்தான். புருசனக்கூட நாலு பேரு பாத்துக் கட்டி வச்சிருவாக, எதிராளிய நாமளாத்தான் தேடிக்கணும்.

என் பேரு ஜெயக்கொடி, என் எதிராளி அன்னபாக்கியம். ரெண்டு பேரும் வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்த நாள்லருந்து அந்த வத்தல் குவியலுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். இந்த வருசம் விலை ஏறும்பேன், "இல்லடி"ம்பா. முதலாளி பொண்டாட்டி கழுத்துல கிடக்கது கவரிங்கும்பேன், "இல்லடி, தங்கந்தான்"ம்பா. எம்புருசன் குடிய விட்டுட்டாரும்பேன், அதுக்கும் ஒரு "இல்லடி". வெளியாளு யாராச்சும் கேட்டா சண்டைன்னு நினைச்சு விலக்கிவிட ஓடி வருவான். அவ உம் கொட்டுறதப் பத்தியும் சொல்லணும். குழம்புல உப்பு சரியா இருக்கான்னு நாக்குல வச்சுப் பாத்துட்டு ஒரு உம் போடுவோமே, அந்த மாதிரி மூக்குல தொடங்கி நெஞ்சுல போய் முடியும். அந்த உம்மக் கேட்டவ வீட்டுக்குப் போயி அடுப்ப மூட்டும்போது பாட்டுப் பாடுவாளாம். அவ எனக்கு எதிராளிங்கிறதுல குடோன்ல பாதிப் பேருக்கு வயித்தெரிச்சல், எனக்கு அதுல ஒரு மிதப்பு.

அவ மகன் ராஜவேல் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவன் பொண்டாட்டி மாசமா இருக்கான்னு ஆத்தாளக் கூட்டிட்டுப் போக வந்தான். பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் பழம் வாங்கிக் குடுத்தாக, பூ வாங்கிக் குடுத்தாக, நான் ஒண்ணும் குடுக்கல. "போ போ, உனக்கென்ன, அங்க எதுத்தாப்ல உட்காரத்தான் மருமக இருக்காளே. இனிமே இந்த ஜெயக்கொடி யாரோ"ன்னேன். அவ ஜன்னல் வழியா "இல்லடி"ன்னா. பஸ் நகந்துருச்சு.

மறுநாள் காலையில, எங்ககூடக் காம்பு கிள்ளுற பேச்சியம்மா அந்தப் பக்கமாப் போனவ, ஆளில்லாம கிடந்த அன்னபாக்கியம் சாக்கப் பாத்துட்டு, பழக்கதோசத்துல, "இன்னைக்கும் குழாயில தண்ணி வரல மதினி"ன்னு பெருமூச்சு விட்டா. சாக்குலருந்து, "உம்"னு வந்துச்சு. மூக்குல தொடங்கி நெஞ்சுல முடியுற அதே உம். பேச்சியம்மா பயந்து அலறல, மயங்கியும் விழல. இடுப்புல கைய வச்சு நின்னு, "பாத்தீகளா, மதினி உம்ம மறந்து வச்சுட்டுப் போயிட்டாக"ன்னா, தூக்குவாளிய மறந்துட்டுப் போனவளச் சொல்ற மாதிரி. கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு வந்து, குனிஞ்சு பாத்து, "பார்சல்ல போட்டு அனுப்பலாம்னா எடை கேப்பான், இதுக்கு என்ன எடைன்னு எழுதுறது"ன்னு யோசிச்சு, "சரி கிடக்கட்டும், தரையக் கூட்டுறவ பாத்துக் கூட்டு"ன்னுட்டுப் போனாரு.

அப்புறம் கேக்கணுமா. டீ குடிக்கிற நேரம் வந்தா பொம்பளைக ஒவ்வொருத்தியா அந்தச் சாக்குக்கு எதுத்தாப்ல, அதாவது என் இடத்துல, என் சாக்குல, என்னைய "கொஞ்சம் நகளுங்க மதினி"ன்னு இடிச்சுத் தள்ளிட்டு உட்கார்ந்து, மாமியா செஞ்சதச் சொன்னாளுக, மக ஓடிப்போனதச் சொன்னாளுக, சொல்லாம வச்சிருந்ததயெல்லாம் சொன்னாளுக, எல்லாத்துக்கும் அது உம் கொட்டுச்சு. மூட்டை தூக்குறவுக தலைத்துண்டக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்தாக, லாரி டிரைவர் வண்டிய ஓடவிட்டு வந்தாரு, முதலாளி பொண்டாட்டி கார விட்டு இறங்கி அந்த நெடியில முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு, தன் கழுத்துல கிடக்குறது கவரிங்தான்னு சொல்லி அழுதுட்டுப் போனா. அந்த ஒரு விசயத்துலயாவது நான் சொன்னது சரி.

ஒரு சுவத்துக்காகத் தகப்பன் காலத்துலருந்து வழக்காடிக்கிட்டு இருந்த பங்காளிக ரெண்டு பேரு தனித்தனியா வந்தாக. முன்னால வந்தவர், சுவரு எங்களுதுன்னாரு, உம்முன்னுச்சு. பின்னால வந்தவர், இல்ல எங்களுதுன்னாரு, அதுக்கும் உம்முன்னுச்சு. எனக்குத்தான் உம் கொட்டுச்சுன்னு ரெண்டு பேரும் குடோன் வாசல்ல சட்டையப் பிடிச்சுக்கிட்டாக. கணக்குப்பிள்ளை நடுவுல நின்னு, "அண்ணாச்சி, உம்முன்னா சரின்னு அர்த்தமில்ல, கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம்"னாரு. ரெண்டு பேரும் பிடிச்ச சட்டைய விட்டாக. அதுக்கப்புறம் சுவத்தப் பத்திப் பேச்சே எடுக்காம டெய்லி வந்து உட்கார்ந்து அவுகவுக தகப்பனாரப் பத்திப் பேசிட்டுப் போனாக. ஊரு அந்த உம்ம அப்படித்தான் சேத்துக்கிட்டுச்சு, புதுசா வந்த மருமகளச் சேத்துக்கிட்ட மாதிரி.

எல்லாருக்கும் கொட்டுச்சு. எனக்கு மட்டும் கொட்டல.

முதல் நாளே நான் பேசிப் பாத்துட்டேன். அத்தன பேரும் சோத்துக்குப் போனப்புறம், "என்னடி, சவுரியமா"ன்னேன். சத்தமில்ல. விலை ஏறிருச்சுன்னேன், புருசன் மறுபடியும் குடிக்கிறாருன்னேன், உன் மகன் உன்னையச் சம்பளமில்லாத வேலைக்காரியா வச்சிருக்கான்னேன், என்ன சொன்னாலும் சாக்கு வெறுஞ்சாக்காத்தான் கிடந்துச்சு. பேச்சியம்மா மாதிரிக் குரல மாத்தி, "தண்ணி வரல மதினி"ன்னுகூடச் சொல்லிப் பாத்தேன். அப்ப அந்தப் பக்கமா வந்த ரத்தினக்கிளி, வாயப் பொத்திச் சிரிச்சுக்கிட்டே, "என்ன மதினி, உங்க எதிராளி உங்ககூட டூ விட்டுட்டாகளா"ன்னு கேட்டுட்டுப் போனா. அவ கேட்டதுகூடப் பரவாயில்ல. அவ கேட்ட கேள்விக்கு அந்தச் சாக்கு "உம்"முன்னுச்சு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.

வத்தல் கிள்ளுற கைக்கு எரிச்சல் புதுசில்ல, மோருல கைய முக்கி வச்சா அடங்கிரும். வயித்தெரிச்சலுக்கு எந்த மோர ஊத்துறது? பேச்சியம்மாளப் பாத்தா எரிஞ்சுச்சு, லாரி டிரைவரப் பாத்தா எரிஞ்சுச்சு, ஒருநாள் வழிதப்பி உள்ள வந்த ஒரு வெள்ளாடு மேன்னு கத்த, அதுக்கும் ஒரு உம் விழுந்துச்சு, அந்த ஆட்டப் பாத்தும் எரிஞ்சுச்சு. எல்லாத்துக்கும் மேல, பாக்காத அந்தத் திருப்பூர்க்காரி மேல எரிஞ்சுச்சு. என்னையத் துப்புரவா மறந்துட்டு இந்நேரம் அன்னபாக்கியம் அவள எதுத்தாப்ல வச்சுப் பேசிக்கிட்டிருப்பா, உம்மக்கூட இங்க ஊருக்கு விட்டுட்டுப் போனவ எனக்குன்னு ஒண்ணும் வைக்கலையேன்னு நினைச்சு நினைச்சு, வத்தலக் காம்போட சேத்துப் பிச்சுப் போட்டேன். பேச ஆளில்லாததால நெடி என் தொண்டையில குடியேறிருச்சு. அம்புட்டுப் பெரிய குடோன்ல இருமுனவ நான் ஒருத்திதான்.

கணக்குப்பிள்ளை ஒருநாள் தலையச் சொறிஞ்சுக்கிட்டே வந்தாரு. "ஜெயக்கொடி, முதலாளி அந்தச் சாக்கச் சுத்திக் கம்பி கட்டி ஒரு பெஞ்சு போடச் சொல்றாரு. வாரவுக போறவுக உட்காரணுமில்ல. நீ வேற இடம் பாத்துக்க. இல்ல, இருமல் நிக்கிற வரைக்கும் வீட்டுல இரேன்."

"எந்த இடத்தக் காலி பண்ணச் சொல்றீக?"

"இதத்தான். எதுத்தாப்ல இருக்க இடத்த."

"இது எதிராளி இடம் அண்ணாச்சி. நான் அவளுக்கு எதிராளி."

அவரு இரக்கப்பட்ட மாதிரி பாத்தாரு. "உம் கொட்டாத எதிராளி என்னத்த எதிராளிம்மா."

அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் கை கழுவப் போன நேரம் பாத்து அந்தச் சாக்கச் சுருட்டிக் கட்டப்பைக்குள்ள திணிச்சுக்கிட்டு நடந்தேன். திருடுனேன்னு சொல்லுவாக, சொல்லட்டும். எனக்கில்லாத உம்மு எவளுக்கும் வேணாம், கொண்டுபோயி அவ மூஞ்சியிலயே வீசிட்டு, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வந்துருவோம்னுதான் திருப்பூர் போக பஸ் ஏறுனேன்.

பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரர் தன் தம்பிக்குப் பொண்ணு அமையாத கதையத் தொடங்குனாரு. என் மடியில இருந்த பை உம்முன்னுச்சு. அவரு அது நான்னு நினைச்சு, என்னையப் போல தங்கமான ஆளப் பாத்ததில்லன்னு கடலை வாங்கிக் குடுத்தாரு. முன் சீட்டுக்காரி திரும்பி உட்கார்ந்து தன் கதையச் சொன்னா. மதுரை தாண்டுறதுக்குள்ள கண்டக்டரும் விசில இடுக்கிக்கிட்டு வந்து நின்னுட்டாரு. பை எல்லாத்துக்கும் ஈடுகொடுத்துச்சு. நான் ஜன்னலப் பாத்துத் திரும்பி இருமிக்கிட்டே போனேன். நடுவுல கணக்குப்பிள்ளை போன் போட்டு, "ஏம்மா, சாக்கத் தூக்கிட்டுப் போயிட்டியாமே, இங்க எல்லாம் இருமுதுக"ன்னாரு. "இருமட்டும்"னு சொல்லி வச்சுட்டேன்.

திருப்பூர்ல வீட்டக் கண்டுபிடிச்சு கம்பிக்கதவத் தட்டுனேன். நிறைமாச வயித்தோட ஒரு பொண்ணு வந்துச்சு, கையில சின்னக் கத்திரி. அதுதான் மருமக மோகனப்பிரியா. நல்லா லட்சணமாத்தான் இருந்தா, அதுவும் எனக்கு எரிச்சல்.

"யாருங்க? யாரைப் பாக்கோணும்?"

"நான் அன்னபாக்கியத்தோட எதிராளி."

அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. படக்குன்னு கொண்டியப் போட்டுட்டு உள்ள நாலடி பின்னால போயிட்டா. "அத்தை சொல்லீருக்காங்க. ஊருல எனக்கு ஒரு எதிராளி இருக்கா, எந்நேரமும் அவ நெனப்பாவே இருக்குது, சோறு இறங்க மாட்டேங்குதுன்னு டெய்லி சொல்லுவாங்க. என்ன வழக்கா இருந்தாலும் அவரு கம்பெனியில இருந்து வரட்டுமுங்க, பேசிக்கலாம். வயித்துப்பிள்ளைக்காரிகிட்ட வம்பு வேண்டாமுங்க."

சோறு இறங்கலையாமே அவளுக்கு! நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு பயத்துல படபடன்னு பேசிக்கிட்டே போனா. "அவங்க ரொம்ப நல்லவங்கன்னு இவரு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாருங்க. வந்த நாள்லருந்து நான் எதைப் பேசுனாலும் சுவத்தைப் பாத்த மாதிரி உக்காந்திருப்பாங்க. ஒரு உம்முகூடக் கிடையாதுங்க. வாயத் தொறந்தா இல்ல, இல்லன்னுதான் வருது. வீட்டுல பனியன் பிசிறு நூல வெட்டையில எதுக்கால உக்காருவாங்க, பேச மாட்டாங்க. என்னையும் ஒரு எதிராளியாத்தான் நெனைக்கிறாங்க போல."

"என்னது?" எனக்குக் கால்லருந்து தலை வரைக்கும் ஏறுச்சு. "உன்னையுமா எதிராளியா நினைக்கிறா? வந்து எத்தன நாளாச்சு உனக்கு? நான் எம்புட்டு வருசமாக் கிள்ளிருக்கேன் தெரியுமா? அம்புட்டு லேசுல கிடைச்சிருமா உனக்கு அந்தப் பேரு?"

அந்தப் பொண்ணு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. எதிராளிங்கிற பேருக்கு அடிச்சுக்கிடுற பொம்பளைய அவ ஊருல அவ பாத்திருக்க மாட்டா.

சத்தங் கேட்டுப் பின்கட்டுலருந்து ஈரக்கையோட அன்னபாக்கியம் வந்தா. மெலிஞ்சு போயிருந்தா. என்னையப் பாத்ததும் நின்னா, ஓடி வந்து கொண்டிய எடுத்தா. கட்டிப்பிடிப்பான்னு நினைச்சீகளா? "ஏன்டி, சொல்லிட்டு வரக் கூடாதா"ன்னா.

நான் பைக்குள்ளருந்து சாக்க உருவி அவ காலடியில வீசுனேன். "இந்தா, உன் உம்மு. மறந்து விட்டுட்டு வந்தியே, ஊரே அனுபவிச்சிருச்சு. பேச்சியம்மாளுக்குக் கொட்டுச்சு, ரத்தினக்கிளிக்குக் கொட்டுச்சு, ஒரு ஆட்டுக்குக் கொட்டுச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணு கொட்டல. நான் இருமிச் சாகுறேன். அம்புட்டுப் பேருக்கும் இருக்குற இடம் உன் நெஞ்சுல எனக்கு இல்லாமப் போச்சுல்ல?"

"இல்லடி."

"என்ன இல்லடி? நான் பொய்யா சொல்றேன்?"

"உனக்கு நான் என்னைக்குடி உம் கொட்டிருக்கேன்? யோசிச்சுச் சொல்லு."

யோசிச்சேன். விலை ஏறும்னேன், இல்லடின்னா. மழை வரும்னேன், இல்லடின்னா. எம்மக பிறந்து பத்தாம் நாள் போயிச் சேந்தப்ப, என் கையில எதுவும் நிக்காது, நான் ராசி கெட்டவன்னேன். அன்னைக்கும் வத்தலக் கிள்ளிக்கிட்டேதான் இருந்தா, நிமிந்து பாத்து, இல்லடின்னா. எம்புட்டுத் தேடியும் எனக்குன்னு அவ கொட்டுன ஒரு உம்மு கிடைக்கல.

"அது ஊருக்குடி"ன்னா அன்னபாக்கியம். "கேட்டாப் போதும்னு வாரவுகளுக்குக் கொட்டுறது. உன்கிட்டதான நான் பேசுனேன். உன் பேச்சுக்கு உம் கொட்டுனா நீ புளுகிக்கிட்டே போயிருவ."

"நான் புளுகுறேனா? முதலாளி பொண்டாட்டி கழுத்துல கிடக்குறது கவரிங்தான், அவளே வந்து சொல்லிட்டா, தெரியுமா?"

"இல்லடி, அவ சும்மா சொல்லிருப்பா."

"அவளே அழுதாங்கிறேன்."

"அழுதாத் தங்கம் கவரிங்காயிருமா?"

அப்படியே வாசல்லயே நின்னு ஒரு பாட்டம் பேசித் தீத்தோம். அந்தப் பொண்ணு விலக்கிவிட வந்துச்சு. அப்பத்தான் கவனிச்சேன், நான் இருமல.

உள்ள போய் உட்கார்ந்தோம். பனியன் குவிஞ்சு கிடந்துச்சு, வெள்ளையா, நெடி இல்லாம. அன்னபாக்கியம் சாக்க எடுத்து உதறி, பழைய மடிப்பப் பாத்து விரிச்சு, அதுமேல உட்கார்ந்தா. மருமக தயங்கித் தயங்கி எதுத்தாப்ல உட்கார்ந்து, கத்திரிய எடுத்து, வழக்கம்போலப் பதிலு வராதுங்கிற நினைப்புல, தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி, "காலெல்லாம் ஒரே கடுப்புங்க அத்தை"ன்னா.

"உம்"முன்னா அன்னபாக்கியம்.

அந்தப் பொண்ணு கத்திரியக் கீழ வச்சுட்டா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு. அப்புறம் தொடங்கினா பாருங்க, அவ அம்மா வீட்டுலருந்து தொடங்கி, முதல் மாசத்து வாந்தி, பக்கத்து வீட்டுக்காரி சொன்ன சொல்லு, பிள்ளை கொடி சுத்திப் பிறந்துருமோங்கிற பயம்னு அடுக்கிக்கிட்டே போனா, அன்னபாக்கியம் பிசிறு வெட்டிக்கிட்டே உம் கொட்டுனா, மூக்குல தொடங்கி நெஞ்சுல முடியுற உம்மு, ஒண்ணு மேல ஒண்ணா, ஒண்ணு மேல ஒண்ணா. ரெண்டு பேரும் எதிரும் புதிரும். நான் சுவத்தோரமா.

எல்லாம் புரிஞ்சுதான் இருந்துச்சு. அது ஊருக்கு, நான் வேறன்னு அவளே சொல்லிட்டா. புரிஞ்சா எரியாதா? சாக்கச் சுமந்தவ நான், பஸ்ஸுல இடிபட்டவ நான், ஊருக்குப் போனா திருடிப் பட்டம் வாங்கப் போறவ நான், எதுத்தாப்ல உட்கார்ந்திருக்கிறது அவ. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தேன். என் பக்கம் ஒருத்தரும் திரும்பல. காலிப் பையச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு எந்திரிச்சேன்.

"சரி, நான் கிளம்புறேன். உனக்குத்தான் ஆள் வந்தாச்சே. இனிமே இந்த ஜெயக்கொடி யாரோ."

அன்னபாக்கியம் தலையத் தூக்கல. பனியன்ல நீட்டிக்கிட்டு இருந்த ஒரு நூலப் பல்லால கடிச்சுத் துப்பிட்டு, "இல்லடி"ன்னா.